நுரையீரலுக்குக் குருத்தணு: விடை கிடைக்காததற்கு யார் பொறுப்பு?

கொரோனா முற்றி நுரையீரல் சிதைந்துபோன ஒருவரைக் குருத்தணு (ஸ்டெம் செல்) சிகிச்சை பிழைக்க வைக்குமா? 2020இன் தொடக்கத்தில் சீன மருத்துவர்கள் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார்கள். பிறகு அமெரிக்கா, பிரான்ஸ், பிரிட்டன், இந்தோனேசியா என்று நாடு நாடாக ஆய்வுகள் முளைத்தன. எத்தனையோ நோயாளிகள் தங்கள் உடலை இதற்காகக் கொடுத்தார்கள். ஆனாலும் ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ உறுதியாகச் சொல்லும் நிலையில் மருத்துவம் இன்றும் இல்லை. அறிவியலின் மீது மட்டும் இந்தக் குறையைப் போட்டுவிட முடியாது. கேள்வியை எல்லோருமாகச் சேர்ந்து கேட்டிருக்க வேண்டும். ஆளுக்கொரு மூலையில் நின்று கேட்டோம். அடுத்த தொற்று வருவதற்குள் இதில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தே ஆக வேண்டும்.

முதலில் நோயைப் பார்ப்போம். நம் நுரையீரல்களில் 30 கோடிக்கும் மேற்பட்ட காற்று நுண்ணறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் சுவரும் மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு தடிமன்தான். அந்த மெல்லிய சுவரின் ஒரு பக்கம் காற்று, மறு பக்கம் ரத்தம். அறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழவழப்பான பொருளைச் சுரப்பவை அங்குள்ள இரண்டாம் வகை உயிரணுக்கள். சுவரில் ஓட்டை விழுந்தால் பெருகி அடைப்பவையும் அவைதான். கொரோனா வைரஸ் பற்றிக்கொள்ளும் ஏ.சி.ஈ.2 என்ற ஏற்பி இதே அணுக்களின் மேல் இருக்கிறது. பழுது பார்க்க வேண்டிய அணுவே முதலில் அடிவாங்குகிறது. வைரஸை எதிர்க்கக் கிளம்பும் நோயெதிர்ப்பு, சிலரிடம் கட்டுமீறி அதே சுவரைத் தாக்குகிறது. ரத்தத்தின் நீர் அறைகளுக்குள் கசிந்து நிரம்புகிறது. நெஞ்சு எக்ஸ்ரேயில் கறுப்பாகத் தெரிய வேண்டிய நுரையீரல் வெள்ளையாகத் தெரியும். மருத்துவர்கள் இதை ஏ.ஆர்.டி.எஸ். என்கிறார்கள். 1967இலேயே விவரிக்கப்பட்ட நோய்நிலை இது. கொரோனாவுக்கு முன்பும் இந்த நிலைக்குப் போனவர்களில் பத்துக்கு நால்வர் மருத்துவமனையிலேயே இறந்தார்கள்.

இதற்கென்று நேரடி மருந்து கிடையாது. வென்டிலேட்டரில் காற்றை அளவாகச் செலுத்துவதும், நோயாளியை ஒரு நாளில் குறைந்தது பதினாறு மணி நேரம் குப்புறப் படுக்க வைப்பதும் உயிர் காக்கின்றன என்று 2000இலும் 2013இலும் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. இரண்டுமே நுரையீரல் தானாகத் தேறுவதற்கு அவகாசம் வாங்கித் தரும் வழிகள். சிதைந்த சுவரையே மருந்தால் தேற்ற முடியாதா என்ற ஏக்கத்திலிருந்துதான் குருத்தணு பற்றிய நம்பிக்கை பிறந்தது. அது நியாயமான நம்பிக்கை என்றே நான் கருதுகிறேன்.

இங்கே பேசப்படுபவை மீசென்கைமல் குருத்தணுக்கள். எலும்பு மஜ்ஜையிலிருந்தும் கொழுப்பிலிருந்தும் இவற்றை எடுக்கலாம். பிரசவம் முடிந்ததும் நாம் தூக்கிப்போடும் தொப்புள்கொடியின் கூழ்ப் பகுதியிலும் இவை உண்டு. இவை நுரையீரலுக்குள் போய்ப் புது நுரையீரலாக வளர்கின்றன என்றே பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ரத்தநாளம் வழியே ஏற்றினால் இவற்றில் பெரும்பகுதி நுரையீரலின் நுண்குழாய்களில் சிக்கி நிற்கும். ஓரிரு நாளில் பெரும்பாலும் மறைந்துவிடும். அதற்குள் சில வேதிப்பொருள்களைச் சுரந்து, வெறிகொண்ட நோயெதிர்ப்பைத் தணிக்கின்றன. கசியும் சுவரை இறுக்குகின்றன. ஆய்வகத்தில் பார்த்தவரை கிருமிகளைக் கொல்லவும் துணை நிற்கின்றன. வீடு கட்ட வந்த செங்கல் அல்ல இவை. சண்டையை விலக்கிவிட்டுத் தன் வழியே போகும் ஊர்ப் பெரியவர் மாதிரி.

அணு மருந்து நோயாளியின் படுக்கைக்கு வந்து சேரும் வழியையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். திரவ நைட்ரஜன் தொட்டியில் உறைந்துகிடக்கும் பை, உடல் வெப்பத்தில் வைத்த வெந்நீர்த் தொட்டியில் சில நிமிடங்களில் உருக்கப்படுகிறது. உறைபனியில் அணுக்கள் வெடிக்காமல் காத்த ரசாயனத்தைச் சில இடங்களில் கழுவி நீக்குவார்கள். பிறகு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். இந்த இடைவெளியில் எத்தனை அணுக்கள் உயிரோடு மிஞ்சின என்பதில்தான் சூட்சுமம். கொரோனாவுக்கு முன், 2019இல் அமெரிக்காவில் வெளியான 60 நோயாளிகளின் ஆய்வில், ஏற்றிய அணுக்களில் உயிரோடு இருந்தவை சிலருக்கு 36 சதவீதம், சிலருக்கு 85 சதவீதம். ஒரே மருந்து, ஒரே பெயர். ஆனால் ஒருவருக்குப் பாதிக்கு மேல் செத்த சரக்கு. மேலான ஆராய்ச்சிக் கூடங்களிலேயே நிலைமை இது. எந்தக் கண்காணிப்பும் இல்லாத தனியார் கிளினிக் ஒன்றில் ‘குருத்தணு’ என்று எழுதிய பைக்குள் என்ன இருக்கும் என்பதை வாசகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி ஆய்வுகள் என்ன சொல்லின என்று பார்ப்போம். பெய்ஜிங்கில் முதலில் 7 பேருக்குக் கொடுத்தார்கள். அனைவரும் தேறினார்கள் என்ற செய்தி உலகைச் சுற்றியது. ஒப்பிட்டுப் பார்க்க இருந்தவர்களோ மூவர்தான். அமெரிக்காவின் மயாமியில் 24 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, 12 பேருக்குத் தொப்புள்கொடி அணுக்களை ஏற்றினார்கள். ஒரு மாதம் கழித்து அணு பெற்றவர்களில் 91 சதவீதத்தினர் உயிரோடு இருந்தார்கள். பெறாதவர்களில் 42 சதவீதத்தினர். 2021 ஜனவரியில் இது வெளியானபோது எவருக்குத்தான் மனம் துள்ளியிருக்காது! இந்தோனேசியாவில் 40 பேரிடம் நடந்த ஆய்வில், அணு பெற்ற 20 பேரில் 10 பேர் பிழைத்தார்கள். பெறாத 20 பேரில் நால்வர்.

பிறகு வந்தவை வேறு கதை சொல்லின. பிரான்சில் 45 பேரிடம் நடந்த ஆய்வில் ரத்தத்தின் ஆக்சிஜன் நிலை கூடுதலாகத் தேறவில்லை. பெல்ஃபாஸ்ட் பல்கலைக்கழகம் முன்னின்று நடத்திய பிரிட்டிஷ் ஆய்விலும் அப்படியே. எல்லாவற்றிலும் பெரியது, ஆஸ்திரேலிய நிறுவனமான மீசோபிளாஸ்ட்டின் அணுக்களை வைத்து அமெரிக்காவில் நடந்தது. 300 பேரைச் சேர்ப்பதாகத் திட்டம். எதிர்பார்த்த அளவு பலன் கிட்டாது என்று தற்சார்புள்ள கண்காணிப்புக் குழு சொன்னதால் 2020 டிசம்பரிலேயே புதிதாக ஆள் சேர்ப்பது நின்றது. 222 பேரின் கணக்கு 2023இல் வெளியானது. அணு பெற்றவர்களில் 37.5 சதவீதத்தினர் ஒரு மாதத்துக்குள் இறந்தார்கள், பெறாதவர்களில் 42.7 சதவீதத்தினர். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடியதே.

அப்படியானால் இது வீண் முயற்சியா? அவசரப்பட்டு அப்படியும் சொல்லிவிடக் கூடாது. ரத்தநாளம் வழியே ஏற்றுவதால் பெரிய தீங்கு வந்ததாக இந்த ஆய்வுகளில் தெரியவில்லை. சிறு ஆய்வுகளை ஒன்றாகக் கூட்டிப் பார்த்தவர்கள் பலரும் இறப்பு ஓரளவு குறைவதாகச் சொல்கிறார்கள். பலவீனமான செங்கற்களை அடுக்கினால் சுவர் பலமாகிவிடாது என்பதையும் அவர்களே சொல்கிறார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. ஏ.ஆர்.டி.எஸ். என்பது ஒரே நோய் அல்ல. அழற்சி கொழுந்துவிட்டு எரிபவர்கள், எரியாதவர்கள் என்று குறைந்தது இரண்டு வகையினர் அதில் இருக்கிறார்கள் என்று 2014இலேயே கண்டறியப்பட்டது. அணு சிகிச்சை முதல் வகையினருக்குப் பயன்பட்டு, இரண்டாம் வகையினருக்குப் பயன்படாமல் போகலாம். பிரித்தறிய ஆயிரக்கணக்கான நோயாளிகளின் கணக்கு வேண்டும். உலகம் திரட்டியதோ இருபதும் நாற்பதும், மிஞ்சினால் இருநூறும்தான். அணுவின் மூலம் வேறு, அளவு வேறு, கொடுத்த நாள் வேறு, அளந்த பலனும் வேறு. துண்டு துண்டாகக் கிடக்கும் அந்தக் கணக்குகளை ஒட்டவைக்க இனி யாராலும் முடியாது.

அதே பெருந்தொற்றின் நடுவே இன்னொரு கேள்விக்கு மட்டும் மூன்றே மாதத்தில் விடை கிடைத்தது. ஆக்ஸ்ஃபோர்டின் பீட்டர் ஹார்பியும் மார்ட்டின் லாண்ட்ரேயும் 2020 மார்ச்சில் ‘ரெகவரி’ என்ற ஆய்வைத் தொடங்கினார்கள். பிரிட்டனின் 170க்கும் மேற்பட்ட அரசு மருத்துவமனைகள் ஒரே திட்டத்தில் சேர்ந்தன. படிவம் எளிது, பதிவு இணையத்தில், யாருக்கு எந்த மருந்து என்பது குலுக்கலில். ஜூன் 16ஆம் தேதி விடை வந்தது. சில ரூபாய்க்குக் கிடைக்கும் டெக்ஸாமெத்தசோன், வென்டிலேட்டரில் இருப்பவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. அதே ஆய்வுதான் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் பயனற்றது என்றும் காட்டியது. அந்த மருத்துவர்கள் நம் மருத்துவர்களைவிடத் திறமைசாலிகள் என்பதால் இது நடக்கவில்லை. ஆளுக்கொரு ஆய்வு என்று சிதறாமல், ஒரு நாட்டின் மருத்துவமனைகள் பெருமளவில் ஒரே ஆய்வில் சேர்ந்ததால் நடந்தது.

நம் நாட்டிலும் அப்படி ஒன்று நடந்தது. கொரோனாவிலிருந்து குணமானவர்களின் பிளாஸ்மாவை ஏற்றும் சிகிச்சை பலன் தருமா என்று அறிய, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். 39 மருத்துவமனைகளைச் சேர்த்து 464 நோயாளிகளிடம் ஆய்வு நடத்தியது. நோய் முற்றுவதையும் இறப்பையும் அது தடுக்கவில்லை என்ற முடிவு 2020லேயே வந்துவிட்டது. உலகம் பாராட்டிய ஆய்வு அது. ஆனாலும் அடுத்த ஆண்டு இரண்டாம் அலையில் ‘பிளாஸ்மா கிடைக்குமா’ என்று வாட்ஸ்அப் குழுக்கள்தோறும் உறவினர்கள் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். மருத்துவர்கள் எழுதிக் கொடுத்ததால் கெஞ்சினார்கள். அரசின் வழிகாட்டுதலிலிருந்து அது நீக்கப்பட்டது 2021 மே மாதத்தில்தான். விடையைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை. கண்டுபிடித்த விடைக்கு எல்லோரும் கட்டுப்படுவது இன்னொரு வேலை. முதலாவதில் ஜெயித்தும் இரண்டாவதில் தோற்றோம்.

ரெம்டெசிவிர் மருந்துக்கு அலைந்த நாட்களைத் தமிழ்நாடு மறந்திருக்காது. 2021 ஏப்ரல் கடைசியில் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் அரசே அதை விற்கத் தொடங்கியதும், வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் வந்து இரவோடு இரவாக வரிசையில் படுத்துக்கிடந்தார்கள். கையில் மருத்துவரின் சீட்டு, ஆதார் நகல், பரிசோதனை முடிவு, ஸ்கேன் அறிக்கை. கூட்டம் தாங்காமல் விற்பனை நேரு ஸ்டேடியத்துக்கு மாறியது. பிறகு மருத்துவமனைகளுக்கே நேரடியாகக் கொடுக்கும் முறை வந்தது. அப்போது அந்த மருந்தை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அது மாறியது 2022இல்தான். வரிசையில் நின்றவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஐ.சி.யூ. வாசலில் நிற்கும் மகனிடம் ஒரு சீட்டைக் கொடுத்து ‘இது கிடைத்தால் பார்க்கலாம்’ என்றால், நகையை விற்றாவது அவன் வாங்கத்தான் செய்வான். அந்தச் சீட்டு அவன் கைக்கு வராமல் பார்த்திருக்க வேண்டிய கடமை, அவனைத் தவிர மற்ற அனைவருக்கும் இருந்தது.

அடுத்த முறை அந்தச் சீட்டில் குருத்தணு என்று எழுதியிருக்கலாம். சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று சிகிச்சை போன்ற நிறுவப்பட்டவை நீங்கலாக, அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே நோயாளிகளுக்குக் குருத்தணு கொடுப்பது நெறிமுறைக்கு எதிரானது என்று 2017ஆம் ஆண்டின் தேசிய வழிகாட்டுதல் சொல்கிறது. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருந்தாய்வு விதிகள், குருத்தணுவிலிருந்து செய்யப்படும் பொருளைப் புதிய மருந்தாகவே வகைப்படுத்துகின்றன. ஆய்வில் சேர்பவருக்குத் தீங்கு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. ஆய்வு மருந்துக்கு அவரிடம் பணம் வாங்கக் கூடாது. ஆகவே ஒரு குடும்பம் கேட்க வேண்டிய முதல் கேள்வி மிக எளிது: இதற்குக் கட்டணம் எவ்வளவு? லட்சங்களில் பதில் வந்தால் அங்கே நடப்பது ஆய்வு அல்ல. இந்தியாவின் மருந்தாய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் அந்த ஆய்வின் எண் என்ன என்பதை அடுத்துக் கேட்கலாம். அந்த இணையதளத்தை யாரும் திறந்து பார்க்கலாம்.

முறையான ஆய்வில் சேரச் சொன்னால், ‘எங்க அப்பாவை வச்சு சீட்டுக் குலுக்குவீங்களா?’ என்ற கோபம் எழும். எழுவது இயல்பு. அதற்குப் பதில் வெளிநாட்டில் இல்லை, சென்னை சேத்துப்பட்டில் இருக்கிறது. 1956இல் அங்கே காசநோய் மருந்து சிகிச்சைக்கான ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். காசநோய் என்றால் ஊருக்கு வெளியே சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்து, நல்ல சாப்பாடும் ஓய்வும் பெற்றால்தான் பிழைக்க முடியும் என்று உலகமே நம்பிய காலம். அதற்குக் கட்டில் எங்கே இருக்கிறது இந்த நாட்டில்? சென்னையின் 193 ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் சானடோரியத்துக்குப் போனார்கள். மற்றவர்கள் தங்கள் நெருக்கடியான வீடுகளிலேயே இருந்து அதே மாத்திரைகளை ஓராண்டு விழுங்கினார்கள். சுகாதாரப் பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீட்டுக்கு வந்து மிச்சமிருந்த மாத்திரைகளை எண்ணினார்கள். மருந்து உள்ளே போனதா என்று சிறுநீரையும் சோதித்தார்கள். 1959இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள். உடன் வாழ்ந்தவர்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு அந்த ஆய்வு முக்கியமான காரணம். நுரையீரல் நோய் ஒன்றுக்கு உலகம் சிகிச்சை தரும் முறையையே மாற்றியவர்கள், பெயர் தெரியாத அந்தச் சென்னைவாசிகள். அவர்களைச் சோதனை எலிகள் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

குலுக்கல் நியாயமாக இருப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. எது நல்லது என்று உண்மையிலேயே யாருக்கும் தெரியாதிருக்க வேண்டும். குருத்தணு விஷயத்தில் நாம் இருப்பது சரியாக அந்த இடத்தில்தான். தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் ஒருவருக்கு விற்பது அநீதி. ஆய்வே வேண்டாம் என்று கதவைச் சாத்துவது, பலன் கிடைக்கக்கூடிய நாளைய நோயாளிக்குச் செய்யும் அநீதி. இந்த இரண்டையும் ஒருசேர மறுப்பதில் தனியார், அரசு என்ற பேதம் வேண்டியதில்லை. கட்சிப் பேதமும் வேண்டியதில்லை.

பிரசவத்துக்குக் காத்திருக்கும் குடும்பங்களுக்கும் இதில் பங்குண்டு. குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தைப் பணம் கட்டிச் சேமிக்கச் சொல்லும் விளம்பரங்கள் மகப்பேறு மருத்துவமனைச் சுவர்களில் நிறைந்திருக்கின்றன. பின்னாளில் சொந்த உபயோகத்துக்கென்று அப்படிச் சேமிப்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்பதே ஐ.சி.எம்.ஆரின் நிலைப்பாடு. கொரோனா ஆய்வுகளில் பயன்பட்ட தொப்புள்கொடி அணுக்கள் முன்பின் தெரியாதவர்கள் கொடுத்தவை. இவ்வகை அணுக்களை உடல் எளிதில் எதிர்ப்பதில்லை என்பதால் அது சாத்தியமானது. ஒரே கொடியிலிருந்து பத்தாயிரம் பேருக்கு மேல் மருந்தளவு தயாரிக்கலாம் என்பது மயாமி குழுவினரின் கணக்கு. அப்படியானால் நமக்குத் தேவை வீட்டுக்கொரு சேமிப்புப் பெட்டி அல்ல. ரத்த தானம்போல் தொப்புள்கொடியைத் தானமாக வாங்கி, தரம் பார்த்து, பெருக்கி வைக்கும் ஒரு பொது வங்கி. மருத்துவமனைப் பிரசவம் ஏறத்தாழ முழுமையாகிவிட்ட மாநிலத்தில் மூலப்பொருளுக்குப் பஞ்சம் இல்லை. இந்த வகை அணுக்களுக்கு முறையாக ஆய்வு செய்து அனுமதி வாங்க முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. மீசோபிளாஸ்ட்டின் அதே அணுக்கள், மஜ்ஜை மாற்றுக்குப் பின் குழந்தைகளுக்கு வரும் கடுமையான எதிர்விளைவு ஒன்றுக்கு 2024 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. நுரையீரலில் நிரூபிக்க முடியாமல் போனது வேறொரு நோயில் தேர்ந்தது. தோல்வியை மறைக்காமல் வெளியிட்டதால்தான் இரண்டையும் நாம் பிரித்துப் பார்க்க முடிகிறது.

செய்தி ஊடகத்தினருக்கும் ஒரு வேண்டுகோள். ஏழு பேர் குணமானதைத் தலைப்புச் செய்தியாக்குகிறோம். 222 பேரின் முடிவு ஒரு மூலையில்கூட வருவதில்லை. ஒரு சிகிச்சை பற்றி எழுதும்போது எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள், யாரோடு ஒப்பிட்டார்கள் என்ற இரண்டு விவரங்களை முதல் பத்தியிலேயே சேர்ப்பது என்று ஆசிரியர் குழுக்கள் முடிவெடுத்தால், வாசலில் நிற்கும் அந்த மகனுக்கு அது பெரும் உதவி.

அரசுக்கான வேலைதான் பெரியது. பெருந்தொற்று வந்த பிறகு நெறிமுறைக் குழுவைக் கூட்டி, படிவம் அச்சடித்து, ஒப்பந்தம் போட்டால் அலை கடந்துவிடும். ஏ.ஆர்.டி.எஸ். கொரோனாவோடு போய்விடவும் இல்லை. நிமோனியாவாலும் ஃப்ளூவாலும் நம் ஐ.சி.யூ.க்களுக்கு அது வந்துகொண்டேதான் இருக்கிறது. மழைக்காலத்துக்குப் பின் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் முற்றி மூச்சுத் திணறலோடு வருபவர்களை வேலூர் மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள். அந்தக் காய்ச்சலின் கடுமையான நிலைக்கு இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதே நல்லது என்று 2023இல் உலகுக்குச் சொன்னது, இந்தியாவின் ஏழு மையங்கள் ஒன்றாகச் சேர்ந்து 794 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று நடத்தியது அது. அதே ஊரில் குருத்தணு ஆராய்ச்சி மையமும் இருக்கிறது. சேர்ந்து ஆய்வு செய்யத் தெரிந்த ஐ.சி.யூ.க்களும், அணுக்களைத் தரம் பார்க்கத் தெரிந்த ஆய்வகமும் கையெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன.

தேவைப்படுவது, அரசு மருத்துவக் கல்லூரிகளும் பெரிய தனியார் மருத்துவமனைகளும் சேர்ந்து கையெழுத்திட்ட ஒரே ஆய்வுத் திட்டம். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் முன்கூட்டியே வாங்கப்பட்டிருக்க வேண்டும். உறவினருக்கு வாசித்துக் காட்டி விளக்கக்கூடிய, ஒரு பக்கத்துக்கு மிகாத தமிழ்ப் படிவம் வேண்டும். முடிவு எதுவானாலும் ஓராண்டுக்குள் வெளியிடுவோம் என்ற உறுதிமொழி அதிலேயே இருக்க வேண்டும். இதற்கான செலவு ஒரு பெரிய மருத்துவமனைக் கட்டடத்தின் செலவில் சிறு பகுதிகூட ஆகாது. சட்டமன்றத்தில் அடுத்து வரும் சுகாதாரத் துறை மானியக் கோரிக்கையில் இதற்கென ஒரு தலைப்பு சேர்க்கப்பட வேண்டும். ஆளுங்கட்சி கொண்டுவந்தாலும் எதிர்க்கட்சி கேட்டு வாங்கினாலும் சரி, இந்த ஆண்டே சேர்க்கப்பட வேண்டும்.